முதுகைக் காட்டி நில்

மாதேசா,

கப்பல் ஏறிய பிறகு பிரித்துப் படி என்று சொல்லித்தான் இதை உன் கையில் கொடுக்கப்போகிறேன். உனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பம்பாய் போய்ச் சேர்வதற்குள் ரயிலிலேயே பிரித்துவிடுவாய். பிரித்துக்கொள். எழுத்தைப் பார்த்து மட்டும் சிரிக்காதே. உன் பெண்டாட்டி சரசு எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள் என்பது உனக்குத் தெரியும். நான் இத்தனை தூரம் வந்துவிட்டேன் என்பது தெரியாது. நீ டிப்போவுக்குப் போன பிறகு பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் வெயில் ஒரு கல் தள்ளிப் போய்விடுகிறது. இருந்தாலும் எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் சொன்னது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிக்கத் தெரியாத காலத்தில் அச்சில் இருப்பதெல்லாம் பெரிய விஷயம் என்று நினைத்துக் கடலைப் பொட்டலக் காகிதத்தைக்கூட மிதிக்காமல் நடந்தேன். இப்போது பிரித்துப் படிக்கிறேன். யாரோ ஒரு மந்திரி ஏதோ ஒரு கட்டடத்தைத் திறந்துவைத்தாராம். இன்ன பல்பொடி போட்டால் பல் வெளுக்குமாம். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்து ஒதுங்கினேன்? திட்டுவதற்குப் புதிதாக ஓர் ஊரே கிடைத்த மாதிரி இருக்கிறது.

இப்போது உன்னைத் திட்ட வேண்டும். வாயால் ஆரம்பித்தால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், சரசு நடுவில் வந்து நிற்பாள், பேச்சு எங்கேயோ போய்விடும். காகிதத்தில் நீ எதிர்த்துப் பேச முடியாது. அதனால் கேள். அன்று டிப்போவில், ஏஜெண்டின் முன்னால் நீ செய்த காரியத்தை நான் பார்த்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஹுன்சூர் ரோடு மர டிப்போவில் நம் முதலாளி லாரி வாங்கிய அன்றே எனக்குத் தெரியும், நாச்சியை விற்றுவிடுவார் என்று. லாரிக்கு மாலை போட்டார், குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார். அவருக்காக அத்தனை வருஷம் மரம் இழுத்த யானை பக்கத்திலேயே நிற்கிறது. அந்தத் தேங்காயில் ஒரு மூடியை அதன் பக்கம் நீட்ட மனுஷனுக்குத் தோன்றவில்லை. மெக்சிகோ தேசத்தில் யாரோ ஒரு பணக்காரர் தன் தோட்டத்தில் வரிக்குதிரை, ஒட்டகம், மயில் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாராம், யானை ஒன்றுதான் குறையாம். பம்பாயிலிருந்து ஏஜெண்ட் வந்தார். கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. முதலாளி வெளியே வந்து என்னிடம், "என்ன பெரியவரே, நம்ம நாச்சி சீமைக்குப் போகுது, சந்தோஷந்தானே?" என்றார். "நீங்களும் கூடவே போங்க முதலாளி. ஒட்டகத்துக்குப் பக்கத்துல எடம் இருக்குமுங்க" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னைச் சொன்னது தனக்கே புரியாமல் சிரிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை. நீ இரக்கப்படுகிறவன். அதை உன் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

யானை கப்பல் ஏறுவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பாஷையான ஸ்பானிஷில் கட்டளை கேட்கப் பழகியிருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். மைசூரில் ஸ்பானிஷ் யாருக்குத் தெரியும்? அக்ரஹாரத்து அய்யங்கார் வாத்தியாருக்குத் தெரியும் என்றார்கள். காலேஜில் வேறு எதையோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் புத்தகத்தைப் பார்த்தே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாராம். ஒரு ஸ்பானிஷ்காரனைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. டிப்போ கேட்டுக்கு வெளியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து குடையை விரிப்பார். வெயிலுக்கு என்று சொல்வார். குடை எந்நேரமும் நாச்சியின் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆனால் பாடம் நன்றாகத்தான் எடுத்தார், அதை மறைக்க மாட்டேன். அவர் உனக்குச் சொன்னதை எல்லாம் நான் மரக்கட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதோ பாருடா மாதேசா, அந்தப் பாஷைல வினைச்சொல் மூணே ஜாதிதான். ஆர்ல முடியும், ஏர்ல முடியும், ஈர்ல முடியும். ஒழுங்கா நடந்துக்கற சொல்லுக்கெல்லாம் ஒரே வழி. லெவந்தார்னா தூக்கறது. கடைசி எழுத்தை வெட்டு. லெவந்தா. நீ தூக்குன்னு அர்த்தம். கமினார்னா நடக்கறது. கமினா, நட. கோமேர்னா சாப்பிடறது. கோமே, சாப்பிடு."

"ஈர்ல முடியறதுக்குங்க சாமி?"

"அதுக்கும் ஏதான். சுபீர்னா ஏறறது. சூபே, ஏறு. அப்ரீர்னா திறக்கறது. ஆப்ரே, திற."

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்னா நான் எதுக்குடா? இதெல்லாம் நீ, வா, போ. மரியாதைக்கு வேற. ஆர் ஜாதிக்கு ஏ போடணும், மத்த ரெண்டுக்கும் ஆ போடணும். லெவந்தே, தூக்குங்கோ. கமினே, நடங்கோ. கோமா, சாப்பிடுங்கோ. சூபா, ஏறுங்கோ. தெரிஞ்சுதா?"

நீ விழித்தாய். நான் மரக்கட்டையிலிருந்தே, "ரெண்டு மாட்டையும் நுகத்துல எடம் மாத்திக் கட்டற மாதிரிதானுங்க சாமி?" என்றேன். வாத்தியார் குடையைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தார். "ஓய், உமக்கு நான் பாடம் எடுக்கலையே" என்றார். எடுக்காத பாடத்துக்குச் சம்பளம் கேட்காமல் போனாரே, அதுவே பெரிது.

அவர்தான் நாச்சியை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "கோயில் உற்சவத்துல பெருமாளைச் சுமந்த யானைடா அது. அதைப் போய் தூக்கு, நடன்னு சொல்லுவியா நீ?" என்றார். நீயும் கண்ணை மூடிக்கொண்டு லெவந்தே, கமினே என்று பழக்கினாய். நாச்சியும் கற்றுக்கொண்டது. அப்புறம் ஏஜெண்ட் வந்து கேட்டுவிட்டு, கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரித்தார். மிருகத்துக்கு மரியாதையா, அங்கே வேலைக்காரனுக்கே கொடுக்கமாட்டார்களே என்று இந்துஸ்தானியில் சொன்னார். எல்லாவற்றையும் மாற்று, லெவந்தா என்றே சொல்லு என்றார். நீ மாற்றினாய். நாச்சி அதையும் கற்றுக்கொண்டது. ஆவா ஏயா என்பதில் அதற்கு ஒன்றும் இல்லை. சொல்கிறவன் யார் என்றுதான் அது பார்க்கும். கடைசி எழுத்துக்காக இரண்டு படித்தவர்கள் டிப்போ கேட்டில் சண்டை போட்டதை அது காதை ஆட்டிக்கொண்டு பார்த்தது. எனக்கு அப்போது அதன்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை கூடியது.

வாத்தியார் போகும்போது ஒன்று சொன்னார். அந்த லெவந்தா, கமினா எல்லாம் வேலைக்காரனுக்கு மட்டும் இல்லையாம். பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சிநேகிதனுக்கும் அதேதானாம். சாமியையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நமக்கும் அதே வழக்கம்தானே? நம் மலைச்சாமி மாதேஸ்வரனை நான் நீ என்றுதான் கூப்பிடுகிறேன். செத்துப்போன என் அம்மாவை இன்றைக்கும் நீ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு குறைவும் இல்லை. குறைவு அந்த ஏஜெண்டின் வாயில் இருக்கிறது. அவர் நீ நீ என்று சொல்லிக்கொடுக்கக் கேட்ட சொற்களைக் கவனித்தாயா? தூக்கு, நட, தள்ளு, திரும்பு, கும்பிடு, ஆடு. எல்லாம் ஆர் ஜாதி. எல்லாம் இவர்கள் பார்த்து ரசிப்பதற்கு. சாப்பிடு என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குடி என்பதையும் கேட்கவில்லை. ஒரு ஜீவனுக்கு என்னென்ன சொல்லலாம் என்று கேட்கிறபோது தின்னச் சொல்வது நினைவுக்கு வராத மனுஷன் ஒரு மனுஷனா?

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். பரீட்சை நாள் அன்று ஏஜெண்ட் நாச்சிக்கு முன்னால், எட்டி நின்றுகொண்டு, "லெவந்தா! லெவந்தா!" என்று கத்தினார். தும்பிக்கையைத் தூக்க வேண்டும். நாச்சி தழையைக் காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது. உடனே நீ நைஸாக அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாய். அவர் மறுபடி கத்தியபோது தாடையை லேசாக மேலே தூக்கினாய். தும்பிக்கை எழுந்தது. அவர் "கமினா" என்றார், நீ தலையைச் சாய்த்தாய், அது நடந்தது. அவருக்கு ஒரே குதூகலம். தான் சொல்லி ஒரு யானை கேட்டது என்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். முதலாளி கைதட்டினார். வாத்தியார் கேட்டுக்கு வெளியிலிருந்தே "பேஷ்" என்றார். இத்தனை பேர் கண்ணுக்கும் தெரியாத அந்தத் தாடை எனக்குத் தெரியாதா? அது என் தாடை. என்னைப் பார்த்துத்தான் நீ அதைத் தூக்கப் பழகினாய்.

இந்த அளவுக்குக் கேட்கிறதே, நீ கப்பலில் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடலாம் என்று ஏஜெண்ட் சொன்னார். நீ வீட்டுக்கு ஓடிவந்து சரசுவிடம், "ஐப்பசிக்குள்ள வந்துருவன் புள்ள. கொழந்த பொறக்கறப்ப நான் இங்கதான் நிப்பன்" என்றாய். அவள் முகம் மலர்ந்தது. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாய். மாதேசா, நீ ஏமாற்றியது ஏஜெண்டை அல்ல. அந்த ஆளை ஏமாற்றினால் எனக்கு என்ன போயிற்று, நானே கூட நின்று ஏமாற்றியிருப்பேன். அங்கே உன் தாடை இல்லாத ஊரில் ஒருவன் லெவந்தா என்று கத்துவான். நாச்சி தழை தின்னும். மைசூரில் கேட்டதாமே, இங்கே ஏன் கேட்கவில்லை, திமிரா என்று அவன் இரும்பை எடுப்பான். அதைத்தான் நீ ஏற்பாடு செய்துவிட்டு வரப் பார்க்கிறாய்.

உன் சித்தப்பன் ஏன் கொள்ளேகால் பக்கமே போவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாயே, அதற்கு நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். அங்கே ஒரு டிப்போவில் அவன் ராமு என்ற கொம்பன் யானையை வைத்திருந்தான். அதை இன்னொருவனிடம் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. மாதேஸ்வரன் மலையில் அப்போது தேர். தேரைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அவசரம். புதியவனுக்குச் சொற்களை எல்லாம் வாயால் சொல்லிக்கொடுத்தான். "இதெல்லாஞ் சொன்னாக் கேக்கும், போ" என்று அங்குசத்தைக் கையில் கொடுத்தான். மலைக்குப் போய்விட்டான். புதியவன் சொன்னான், ராமு நின்றது. திரும்பச் சொன்னான், நின்றது. தீனியைக் குறைத்தான், அப்போதும் நின்றது. காதுக்குப் பின்னால் புண்ணாகும்வரை குத்தினான். ஒரு நாள் ராமு அவனைத் தூக்கி மரக்குவியல்மேல் எறிந்தது. துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். தேர் பார்த்துப் பொரி கடலையோடு திரும்பிய உன் சித்தப்பன் கண்டது ராமு செத்துக் கிடந்ததைத்தான். அதற்குப் பிறகு அவன் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டிப் பேசியதில்லை. பேசாமல் இருந்து என்ன பயன்? அவசரப்பட்டவன்மேல் எனக்கு இன்றுவரை மதிப்பு வரவில்லை, அவன் என் தம்பியாக இருந்தாலும்.

நாச்சியை நான் உன்னிடம் விட்டது எப்படி என்று நினைத்துப்பார். நம் ஆட்களுக்கு என்று ஒரு முறை உண்டு. முதலில் பழைய மாவுத்தனும் புதியவனும் ஒரே களி உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து ஊட்ட வேண்டும். அப்புறம் புதியவன் கையால் மட்டும். அது அவன் கையில் நிம்மதியாகத் தின்று, அவன் ஊற்றிய தண்ணீரைக் குடித்து, அவன் பக்கத்தில் படுத்த பிறகுதான் கட்டளை. அந்தக் கட்டளையைப் புதியவன் சொல்லும்போது பழையவன் யானைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகத்தைக் காட்டக் கூடாது, கையை அசைக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. நம் முதுகைப் பார்த்துக்கொண்டே அது அவன் சொன்னதைச் செய்தால் விட்டாயிற்று. பழையவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

நீ என் முதுகுக்குப் பின்னால் நின்று, உடைந்த குரலில், படு என்று சொன்னாய். ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலிச் சத்தமே இல்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். டிப்போ ஆட்கள் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அட, பெரியவரே, சும்மா ஒருக்காத் திரும்பித்தான் பாருங்களே! பையன் அழுதுருவான் போல இருக்குது!" என்று கிண்டல் செய்தார்கள். திரும்பியிருந்தால் ஒரு நொடியில் நாச்சி படுத்திருக்கும். எனக்காகப் படுத்திருக்கும். உனக்காக ஒரு நாளும் படுத்திருக்காது. கழுத்து வலித்தது, வேறு ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஒரு காலையில் நீ கத்தாமல், கெஞ்சாமல், என்னிடம் சோறு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். முதலில் சங்கிலி இழுபட்டது. அப்புறம் அந்தப் பெரிய மூச்சு. தரை லேசாக அதிர்ந்தது என் காலுக்குத் தெரிந்தது. நான் நேராக டீக்கடைக்கு நடந்தேன். நீ "அப்பா, படுத்துருச்சு! அப்பா!" என்று கூப்பிட்டாய். எனக்குக் காது கேட்கவில்லை என்று அன்று சாயங்காலம் சொன்னது பொய்.

அதனால் இதுதான் என் பேச்சு. அங்கே போனதும் ஏஜெண்ட் கேட்ட ஆட்டத்தையும் கும்பிடையும் ஓரமாகத் தள்ளு. கோமேயில் ஆரம்பி. அடுத்தது பேபே. தின்னு, குடி. அங்கே அதைப் பார்த்துக்கொள்ளப்போகிறவன் கையை உன் கைக்குள் வைத்து ஊட்டு. அவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குத் தெரியாது. யானைக்குக் கையால் ஊட்டிய பிறகும் கெட்டவனாகவே இருக்கிறவன் அபூர்வம், இருந்தால் நாச்சியே உனக்குக் காட்டிக்கொடுக்கும். அவன் கத்தினால் சிரி. நீ இங்கே என்னிடம் சிரிப்பாயே, பல்லைக் காட்டி, அப்படி. அப்புறம் முதுகைக் காட்டி நில். தாடையை அடக்கிக்கொண்டு நில். எத்தனை நாள் ஆகிறதோ ஆகட்டும். அதுவரை வராதே என்று எழுதியிருந்தேன்.

சரசு தப்புத் திருத்துவதற்காக இதை வாங்கிப் படித்தாள். அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுத என்னால் முடியவில்லை, கொம்பு எங்கே கால் எங்கே என்று இன்னும் குழம்புகிறது. முதல் பக்கத்தில் சிரித்தாள். தாடை வந்த இடத்தில் நிறுத்தினாள். அவளுக்கு அதுவரை தெரியாதே. கடைசிவரை படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பட்டிருந்த காகிதம் ஒரு முறை ஆடியது, உள்ளே இருக்கிறது உதைத்திருக்கும். வேண்டாம் என்றால் கிழித்துவிடு அம்மா என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"வராதேன்னு எழுதாதீங்க மாமா. வேண்டாதவங்களத் தொரத்தற மாதிரி இருக்குது. இருன்னு எழுதுங்க."

"இருன்னா வர நாளாகுமேம்மா. ஐப்பசி தாண்டிருமே."

"தாண்டட்டுமுங்க. அவரு வந்து இங்க தொட்டில் ஆட்டறதுக்காக அங்க அது அடி வாங்கோணுமா? கொழந்தைய நீங்க பாத்துக்குவீங்க, எங்கம்மா பாத்துக்குவாங்க. அதுக்கு அங்க யாரு இருக்கறாங்க?"

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள். நான் வராதேயை அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும், மசி ஊறிக் கறுப்பாக இருக்கும். அதற்குப் பதிலாக எழுதுகிறேன். இரு. வாத்தியாரிடம் இதற்கு என்ன சொல் என்று போய்க் கேட்டேன். குடை இல்லாமல் இருந்தார், முதல் தடவையாக அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். காத்திருப்பதற்கு எஸ்பெரார், ஒழுங்கான சொல், ஆர் ஜாதி என்றார். மரியாதைக்கு எஸ்பெரே, உம்ம பையனுக்கு எஸ்பெரா போதும் என்றார். எஸ்பெரா, மாதேசா. உன் பிள்ளைக்கு நடக்கத் தெரிந்த பிறகு நீ வந்தால்கூட, நடந்துவந்து உன்னைப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. நாளைக்குச் சரக்குப் பெட்டியில் நாச்சியை நீதான் ஏற்ற வேண்டும், நான் பக்கத்தில் வரமாட்டேன். நீ இதைப் படிக்கிற நேரத்தில் அது முடிந்திருக்கும். மைசூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த கிழவனை நீ பார்த்திருப்பாய். கோபம் என்று நினைத்திருப்பாய். சரசு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பச் சொல்லி இழுத்திருப்பாள். நீ அன்று டிப்போவில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டிருப்பாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். திரும்பியிருக்க மாட்டேன். திரும்பியிருந்தால், என்னைவிட மட்டமான மாவுத்தன் இந்த மைசூர் ராஜ்ஜியத்திலேயே இல்லை என்று வைத்துக்கொள்.

உன் அப்பன்,
தன் கையாலேயே எழுதியது.